நூறைக் கடந்தவர்களிடம் எதைக் கேட்பது?

ஊரில் யாராவது நூறு வயதைத் தொட்டுவிட்டால், பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?" கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு, நீராகாரம் என்று பதில் வரும். கேட்டவர்கள் அன்று இரவே வீட்டில் கேழ்வரகு வாங்கச் சொல்வார்கள்.

இதே கேள்வியை உலகின் மிக மூத்தவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆவணங்களின்படி மனித இனத்திலேயே அதிக நாள் வாழ்ந்தவர் பிரான்சின் ஆர்ல் நகரத்துப் பெண்மணி ஜீன் கால்மென்ட். 1875இல் பிறந்து 1997இல், 122 வயது 164 நாளில் மறைந்தார். சாக்லேட் அவருக்கு மிகப் பிடிக்கும். போர்ட் ஒயின் அருந்துவார். நூறைத் தாண்டிய பிறகும் சிகரெட் பிடித்தார். ஆண்களில் அதிக காலம் வாழ்ந்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஜிரோயேமோன் கிமுரா. 1897இல் பிறந்து 2013இல், 116 வயதில் காலமானார். வயிறு நிறையும் முன்பே எழுந்துவிடுவது அவர் பழக்கம்.

இவர்களில் யாரைப் பின்பற்றுவது? சாக்லேட்டையா, அரை வயிற்றையா? உணவுக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தத் தொடர்பை நூறு வயதுக்காரரிடம் கேட்டு அறிய முடியாது. வேறு இடத்தில் தேட வேண்டும். ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் ஒகினாவா தீவுகள் அந்தத் தேடலுக்கு மிகப் பொருத்தமான இடம்.

எஞ்சியோர் மயக்கம்

கால்மென்ட் புகைபிடித்தார், நூறைக் கடந்தார். அவரோடு புகைபிடிக்கத் தொடங்கி அறுபதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களை யாரும் பேட்டி காணவில்லை. காணவும் முடியாது. எஞ்சி நிற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு, அவர்கள் செய்ததெல்லாம் எஞ்சுவதற்கு உதவியது என்று முடிவு கட்டும் தவறை இங்கே 'எஞ்சியோர் மயக்கம்' என்று அழைப்போம்.

கூழ் குடித்தவர்களுக்கும் இது பொருந்தும். நூறு ஆண்டுகளுக்கு முன் கூழ் குடித்தவர்கள் பல இலட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக்கூடப் பார்க்கவில்லை. காலராவும் காசநோயும் பிள்ளைப்பேறும் அவர்களைக் கொண்டுபோயின. அவர்களும் அதே கூழைத்தான் குடித்தார்கள்.

ஆகவே ஓர் ஊரில் பிறந்த எல்லோரையும், இறந்தவர்களையும் சேர்த்து, கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் அனைவரும் சராசரியாக என்ன உண்டார்கள், எந்த வயதில் எந்த நோயால் இறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். தனி மனிதரின் நினைவு இதற்குப் போதாது. பிறப்பு இறப்புப் பதிவேடும் உணவுக் கணக்கெடுப்பும் வேண்டும். ஒகினாவாவில் இரண்டும் இருக்கின்றன.

முதலில் வயதைச் சரிபார்ப்போம்

பதிவேடு என்றவுடன் ஒரு நியாயமான சந்தேகம் எழும். அந்த நூறு வயது உண்மையா?

2010இல் ஜப்பான் அதிர்ந்துபோனது. டோக்கியோவின் மிக மூத்த ஆண் என்று கருதப்பட்ட 111 வயதுக்காரரைப் பார்க்கப் போன அதிகாரிகள், அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்து, உடல் வீட்டுக்குள்ளேயே உலர்ந்து கிடப்பதைக் கண்டார்கள். தொடர்ந்து நாடு முழுவதும் தேடியபோது, 'கோசெகி' எனப்படும் குடும்பப் பதிவேட்டில் உயிரோடு இருப்பதாகக் காட்டப்பட்டு, இருப்பிடம் தெரியாத நூறு வயதுக்காரர்கள் 2,34,354 பேர் என்று தெரியவந்தது. போரில் இறந்தவர்கள், வெளிநாடு போனவர்கள் எனப் பலருடைய பெயரை யாரும் நீக்காமல் விட்டிருந்தார்கள்.

ஒகினாவாவில் இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் இடமுண்டு. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே நடந்த போரில் குடும்பப் பதிவேடுகள் பெருமளவு எரிந்துபோயின. பின்னர் அவற்றைத் திரும்ப எழுதினார்கள். மூத்தோர் கணக்கை ஆராய்ந்த சால் நியூமன் இதைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததும் 110 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 சதவீதம்வரை சரிந்ததை அவர் காட்டினார். பல இடங்களில் நீண்ட ஆயுள் என்பதே பதிவுப் பிழைதான் என்பது அவர் வாதம்.

அவர் கேள்வி மதிக்கத்தக்கது. 110 வயதுக்காரர்களை மட்டும் வைத்து உணவைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆனால் ஒகினாவாவின் கதை அவர்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. ஆயுள் எதிர்பார்ப்பு, அதாவது இன்று பிறக்கும் குழந்தை இன்றைய இறப்பு விகிதப்படி சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்ற கணக்கு, ஐம்பதிலும் அறுபதிலும் எழுபதிலும் நிகழும் சாவுகளிலிருந்துதான் பெரும்பாலும் உருவாகிறது. அந்தச் சாவுகளை மறைப்பது எளிதல்ல. மேலும் ஜப்பான் அரசு இந்தக் கணக்கைக் குடும்பப் பதிவேட்டிலிருந்து எடுப்பதில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கிறது. அந்தக் கணக்கில் 1985இல் நாட்டின் 47 மாநிலங்களில் ஒகினாவாவின் ஆண்களும் பெண்களும் முதலிடத்தில் இருந்தார்கள்.

1949ஆம் ஆண்டின் தட்டு

மருத்துவர் மகோதோ சுசுகி 1975இல் ஒகினாவாவின் நூறு வயதுக்காரர்களை ஆராயத் தொடங்கினார். பிற்பாடு பிராட்லி வில்காக்ஸ், கிரெய்க் வில்காக்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் அவரோடு சேர்ந்தார்கள். இவர்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை, தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த 1949இல் எடுக்கப்பட்ட ஓர் உணவுக் கணக்கெடுப்பைத் தூசு தட்டி எடுத்ததுதான். பின்னாளில் நூறைத் தொட்டவர்கள் அப்போது நடுவயதில் இருந்தார்கள். நினைவிலிருந்து சொன்ன பதில் இல்லை இது. அந்தக் காலத்திலேயே எடுத்த கணக்கு.

அந்தத் தட்டைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் உண்டவை சராசரியாக இவை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு 849 கிராம். அரிசிச் சோறு 154 கிராம். மற்ற தானியம் 38. டோஃபு எனப்படும் சோயாக்கட்டியும் பருப்பு வகைகளும் 71. காய்கறி 114. மீன் 15. இறைச்சி 3. எண்ணெய் 3. சர்க்கரை 3. பாலும் பழமும் முட்டையும் பெயருக்குத்தான். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,262 கிராம் எடை, 1,785 கலோரி.

ஜப்பான் என்றதும் அரிசியும் மீனும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே கலோரியில் 69 சதவீதம் கிழங்கிலிருந்து வந்தது. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். நொகுனி சோகன் என்பவர் 1605இல் சீனாவின் ஃபுஜியன் பகுதியிலிருந்து அதை ஒகினாவாவுக்குக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் சூறாவளி வீசும் தீவில் நெல் சாய்ந்துவிடும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பிவிடும். அதனால் அது ஏழைகளின் சோறானது. அவிக்கப்பட்ட கிழங்கு, டோஃபு, பாகற்காய், கடற்பாசி, கொஞ்சம் மீன் என்று பெரும்பாலான நாள்கள் கழிந்தன. இறைச்சி நாளுக்கு 3 கிராம் என்றால் ஆண்டு முழுவதற்கும் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். எண்ணெய் ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

இப்போது ஓர் எளிய கணக்கு. 1,785 கலோரியை 1,262 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 1.4 கலோரி வருகிறது. இதை 'உணவின் செறிவு' என்போம். ஒவ்வொரு கிராமிலும் எவ்வளவு ஆற்றல் அடைந்திருக்கிறது என்பதுதான் அது. கிழங்கிலும் காயிலும் நீரும் நாரும் மிகுதி, ஆகவே செறிவு குறைவு. எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி. டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியில் சுமார் 3.

வயிற்றுக்குக் கலோரியை எண்ணத் தெரியாது. அதன் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்தே 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. அதே 1,262 கிராமை கிராமுக்கு 2.5 கலோரி செறிவுள்ள உணவாக உண்டால் 3,155 கலோரி ஆகிவிடும். வயிறு விரிந்த அளவு ஒன்றுதான், உள்ளே போனது 1,370 கலோரி கூடுதல். ஒகினாவா மக்கள் ஒரு கிலோவுக்கு மேல் உண்டும் ஒல்லியாக இருந்ததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அவர்கள் உழைப்புக்குத் தேவையானதைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவாகவே உண்டார்கள் என்று வில்காக்ஸ் குழு மதிப்பிட்டது.

'ஹரா ஹாச்சி பூ' என்று ஒகினாவாவில் சொல்வார்கள். வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்திக்கொள் என்பது பொருள். ஆயுள் நூல்கள் எல்லாம் இதைத்தான் முதலில் பேசுகின்றன. கட்டுப்பாடு உண்மைதான், ஆனால் அதற்குக் கீழே வறுமையும் இருந்தது. அதை மறைத்துப் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்று எனக்குத் தோன்றுகிறது. 1920களில் கிழங்குகூடக் கிடைக்காமல், சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் கொல்லும் நச்சுச் சைகஸ் மரத்தின் மாவைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறை இது. போரில் தீவின் பன்றிகள் கிட்டத்தட்ட அழிந்தபோது, ஹவாயில் குடியேறியிருந்த ஒகினாவா மக்கள் பணம் திரட்டி 550 பன்றிகளை வாங்கி 1948இல் கப்பலில் அனுப்பினார்கள். மறு ஆண்டுக் கணக்கெடுப்பில் இறைச்சி 3 கிராம்தான் என்பதற்குப் போரில் பன்றிகள் அழிந்ததும் ஒரு காரணம். போருக்கு முந்தைய நாள்களிலும் கிழங்கே முதன்மை உணவு. ஆனால் விழா நாள்களில் பன்றி இறைச்சியை நெடுநேரம் வேகவைத்து, மிதக்கும் கொழுப்பை நீக்கி உண்பது அவர்கள் வழக்கமாக இருந்தது.

புரதம் நாளுக்கு 39 கிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது விளிம்பு அளவு. எழுபது வயதில் தசை கரையத் தொடங்கிய ஒருவர் இந்தத் தட்டை அப்படியே நகலெடுக்கக் கூடாது.

எலியும் குரங்கும்

குறைவாக உண்டால் ஆயுள் கூடுமா என்பதை விலங்குகளிடம் சோதித்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே 1935இல் வெளியிட்ட ஆய்வில், சத்துக் குறையாமல் கலோரி மட்டும் குறைத்துத் தந்த எலிகள் மற்றவற்றைவிட அதிக காலம் வாழ்ந்தன.

குரங்குகளில் கதை சிக்கலானது. விஸ்கான்சினில் நடந்த நீண்ட ஆய்வு, குறைவாக உண்ட குரங்குகள் நன்றாக வாழ்ந்தன என்று 2009இல் சொன்னது. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் செய்த மற்றொரு நீண்ட ஆய்வு, ஆயுளில் வேறுபாடு இல்லை என்று 2012இல் சொன்னது. இரு குழுக்களும் பிறகு சேர்ந்து உட்கார்ந்து காரணம் தேடின. விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் எடைக்கு 28 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. மற்ற இடத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதோடு, அங்கே ஒப்பிடுவதற்காக வைத்த குரங்குகளுக்கும் வேண்டிய மட்டும் தீனி தரவில்லை. ஏற்கெனவே அளவாக, சர்க்கரை குறைவாக உண்ட குரங்குகளுக்கு மேலும் குறைத்ததால் பெரிய ஆதாயம் கிடைக்கவில்லை.

ஓர் உணவு நல்லதா என்று கேட்கும்போது, 'எந்த உணவோடு ஒப்பிட்டு?' என்ற கேள்வியும் உடன் வரவேண்டும். ஒகினாவாவின் கிழங்குத் தட்டை எதோடு ஒப்பிடுவது? அந்தத் தீவே அதற்கும் பதில் வைத்திருந்தது.

பேரன்களின் தட்டு

2000ஆம் ஆண்டுக் கணக்கு வெளியானபோது ஒகினாவா ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 47 மாநிலங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஜப்பானில் இதை '26 அதிர்ச்சி' என்றே அழைத்தார்கள். சரிவு அங்கே நிற்கவில்லை. 2020இல் ஆண்கள் 43ஆம் இடம், பெண்கள் 16ஆம் இடம்.

உன்னிப்பாகக் கவனிக்க வேண்டியது, யார் இறந்தார்கள் என்பது. அதிர்ச்சி வந்த அந்த ஆண்டிலும் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் எஞ்சிய ஆயுள் நாட்டின் முன்வரிசையில்தான் இருந்தது. நடுவயதினரின் சாவுகளே மாநிலத்தைக் கீழே இழுத்தன. போருக்குப் பின் பிறந்த மகன்களும் பேரன்களும் அவர்கள். ஒரே தீவு, ஒரே குருதி வழி, ஒரே வீட்டில்கூட இரண்டு தலைமுறை. மாறியது வாழ்க்கை முறை. எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு நடத்தத் துணியாத பரிசோதனை ஒன்றை வரலாறு நடத்திவிட்டது.

அமெரிக்க நிர்வாகம் 1972வரை நீடித்தது. படைத்தளங்கள் இன்றும் இருக்கின்றன. தளங்களிலிருந்து வந்த டப்பா இறைச்சி, பாகற்காய்ப் பொரியலுக்குள்ளேயே புகுந்தது. முதல் ஹாம்பர்கர் கடை 1963இல் திறந்தது. டோக்கியோவுக்கு மெக்டொனால்ட்ஸ் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே. 1949இல் கலோரியில் கொழுப்பின் பங்கு 6 சதவீதம். பேரன்களின் காலத்தில் அது 30ஐத் தாண்டியது. கிராமுக்கு 1.4 கலோரி என்ற நம் கணக்கு அங்கே தலைகீழானது.

உணவு மட்டும்தான் மாறியதா? இல்லை. தீவில் இருந்த சிறு இரயில் பாதை போரில் அழிந்தது. அதன்பின் 2003இல் ஒற்றைத் தண்டவாள இரயில் வரும்வரை மக்கள் நம்பியது கார்களை. வயலில் குனிந்து நிமிர்ந்த உடல்கள் இருக்கையில் உட்கார்ந்தன. மதுவும் கூடியது. மூத்தவர்களுக்கு 'மோஆய்' என்ற குழுக்கள் இருந்தன. நம் ஊர்ச் சீட்டைப் போல மாதந்தோறும் கூடிப் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். கஷ்டத்தில் ஒருவரை ஒருவர் தாங்குவதும் அந்தக் கூட்டத்தில்தான். நகர வாழ்க்கையில் அதன் பிடி தளர்ந்தது. ஆகவே சரிவு முழுவதையும் ஹாம்பர்கர்மேல் சுமத்த நான் தயாரில்லை. இருந்தாலும் மரபணுவைக் காரணமாகக் காட்டும் வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே மரபணு அவ்வளவு மாறிவிடாது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. டென்மார்க்கின் இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், ஆயுள் வேறுபாட்டில் சுமார் கால் பங்கு பிறவிக் கூறுகளால் வருகிறது என்று 1996இல் கணக்கிட்டார்கள். நூறை எட்டுவதில் அதன் பங்கு இன்னும் பெரிது. ஃபாக்ஸோ-3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் அதிகம் காணப்படுவதை ஹவாயின் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் வில்காக்ஸ் குழு 2008இல் கண்டது. ஆணா பெண்ணா என்பதும் பெரிய விஷயம். ஜப்பானில் 1963இல் நூறு வயதைத் தாண்டியவர்கள் 153 பேர். 2024இல் 95,119 பேர். அவர்களில் 88 சதவீதம் பெண்கள். கணவனும் மனைவியும் ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் உண்டார்கள். நூறு என்ற எண்ணை எட்டுவதில் உணவால் தர முடியாத ஒரு பங்கு உண்டு. ஐம்பதில் மாரடைப்பு வராமல், அறுபதில் பக்கவாதம் வராமல் எழுபதைத் தாண்டுவதில்தான் உணவின் கை ஓங்கியிருக்கிறது.

நாகானோவின் உப்பு

ஒகினாவா இறங்கியபோது ஏறிய மாநிலம் ஒன்று உண்டு. ஜப்பானின் நடுவே, மலைகளுக்குள் இருக்கும் நாகானோ. நீண்ட பனிக்காலத்துக்காகக் காய்களை உப்பில் ஊறவைத்து உண்ணும் பகுதி. மிசோ என்ற உப்பான சோயாப் பசையில் செய்த சூப்பும் அன்றாடம் உண்டு. 1960களில் பக்கவாதச் சாவில் நாட்டிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்றாக அது இருந்தது. உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது, அழுத்தம் மூளையின் குழாயை உடைக்கிறது. பனிக்கால ஊறுகாய் தேவைப்படாத ஒகினாவாவில் உப்பு குறைவாகவும் பக்கவாதம் குறைவாகவும் இருந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாகானோவில் யாரும் மக்களைக் கிழங்குக்கு மாறச் சொல்லவில்லை. 1945இல் ஒரு கிராமத்துப் பெண்கள் தொடங்கிய தன்னார்வ சுகாதாரத் தொண்டு மாநிலம் முழுவதும் பரவியிருந்தது. அந்தப் பெண்கள் உப்பளவு காட்டும் கருவியோடு வீடு வீடாகப் போய், அடுப்பில் இருக்கும் மிசோ சூப்பை அளந்து காட்டினார்கள். உப்பைக் குறை, காயைக் கூட்டு, சூப்பின் நீரைக் குறைத்து உள்ளே போடும் காய்களைக் கூட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மாநில அரசு இதை உப்புக் குறைப்பு இயக்கமாகவே நடத்தியது. அப்போது ஒருவர் நாளுக்கு 15 கிராமுக்கு மேல் உப்பு உண்டுகொண்டிருந்தார்.

2010ஆம் ஆண்டுக் கணக்கில் நாகானோவின் ஆண்களும் பெண்களும் ஆயுளில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார்கள். பெண்களில் அதுவரை முதலிடத்தில் இருந்தது ஒகினாவா. பத்து ஆண்டு கழித்து, ஒகினாவா ஆண்கள் 43ஆம் இடத்தில் இருந்த அதே பட்டியலில், நாகானோ ஆண்கள் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள்.